நொடிக்கு ஒரு குடம் தண்ணீர்: டெல்டா மழையில் மின்சார எஸ்யூவிக்கு எந்த டயர்?

சேத்தியாத்தோப்பிலிருந்து சோழபுரம் வரை 50 கிலோமீட்டர் நான்குவழிச் சாலையை 2025 ஜூலை 26 அன்று தூத்துக்குடியில் நடந்த விழாவில் பிரதமர் திறந்துவைத்தார். 2,350 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. மூன்று புறவழிச் சாலைகள், கொள்ளிடத்தின் மேல் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு நான்குவழிப் பாலம். பயண நேரத்தில் முக்கால் மணி மிச்சமாகும் என்றது அரசின் அறிவிப்பு. காவிரி டெல்டாவின் திருப்பனந்தாள் வட்டாரம் இந்தத் துண்டில்தான் வருகிறது. அணைக்கரையில் 1836-ல் கட்டிய கீழணையின் குறுகிய பாலத்தில், எதிர்க்கரை வண்டிகள் வந்து முடியட்டும் என்று காத்துக் கிடந்த நாட்களை இந்தப் பக்கத்துக்காரர்கள் லேசில் மறக்க மாட்டார்கள்.

மிச்சமான நேரம் வேகத்திலிருந்து வருகிறது. பழைய சாலையில் மழை நாளில் ஐம்பதைத் தாண்ட யாருக்கும் வழியில்லை. குறுக்கே மாடு, முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர், ஊருக்கு ஊர் வளைவு. சாலையே ஓட்டுநரைக் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. இப்போது அதே ஐப்பசி மழையில், அதே வண்டல் பூமியின் நடுவே, தொண்ணூறிலும் நூறிலும் போக முடிகிறது.

வண்டியும் மாறிவருகிறது. டாடா நெக்ஸான், எம்.ஜி. வின்ட்ஸர் என்று தொடங்கி, மஹிந்திரா பிஇ 6 வரை மின்சார வண்டிகள் கும்பகோணம் தெருக்களில் ஓடுகின்றன. கிரெட்டா எலக்ட்ரிக் 2025 ஜனவரியில் விற்பனைக்கு வந்தது. அதைச் செய்யும் ஆலை சென்னைக்கு அருகில். வியட்நாமின் வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்ட் 4-ல் தூத்துக்குடியில் ஆலையைத் திறந்து, அடுத்த மாதமே விஎஃப் 6, விஎஃப் 7 என்ற இரண்டு எஸ்யூவிகளை விற்கத் தொடங்கியது. எல்லாமே பெட்ரோல் வண்டியைவிடக் கனமானவை. மிதித்த நொடியில் முழு இழுவிசையும் சக்கரத்துக்குப் போகும். இன்ஜின் சத்தம் இல்லாததால் எண்பதில் போகிறோமா, நூறில் போகிறோமா என்பதைக் காது சொல்லாது.

வேகமான சாலை, கனமான வண்டி, வடகிழக்குப் பருவமழை. மூன்றும் ஒன்றாக வந்து சேர்வது டெல்டாவுக்குப் புதிது. மின்சார எஸ்யூவிக்கு டயர் வாங்கப் போகிறவர்களோ பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான்: “ரேஞ்ச் குறையுமா?” இந்த மண்ணில் முதலில் கேட்க வேண்டியது அது இல்லை. தண்ணீரில் இந்த டயர் பிடிக்குமா, எத்தனை வருடம் வரை பிடிக்கும்? இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

அவர்கள் குளிர், நம் குளிர்

மின்சார வண்டிக்குக் குளிர்கால டயர் என்று தேடினால் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி பனி கொட்டும் நாடுகளுடையது. நார்வேயில் 2024-ல் விற்ற புதுக் கார்களில் நூற்றுக்கு 89 மின்சாரக் கார்கள். ஆஸ்லோவில் இருக்கும் தமிழர் வீடுகளில் காருக்கு இரண்டு செட் டயர் இருக்கும். கோடைக்கு ஒன்று, பனிக்கு ஒன்று. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம் என்று சட்டமே உண்டு. மான்ட்ரியலில் இருக்கும் அண்ணனோ சித்தப்பாவோ தொலைபேசியில், “விண்டர் டயர் போட்டுட்டியாப்பா?” என்று கேட்டால் அது அக்கறையில் வரும் கேள்வி. அவருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

ஏழு டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் விறைத்துப் பிடியை இழக்கும். குளிர்கால டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் இளகியே இருக்கும்படி கலந்தது. ஓரத்தில் மூன்று சிகர மலைக்குள் ஒரு பனித்துகள் வரைந்த சின்னம் இருக்கும். அதைத் திருப்பனந்தாளுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? இங்கே மார்கழி விடியலிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். பகலில் 28, 29. அந்த வெப்பத்தில் அந்த ரப்பர் இன்னும் இளகி, பிரேக் பிடிக்கும் தூரம் நீளும். சீக்கிரம் தேய்ந்தும் போகும். ஆகவே அந்தச் சின்னம் போட்ட டயர் டெல்டாவுக்கு வேண்டவே வேண்டாம். சேறு, பனி என்பதைக் குறிக்கும் ‘எம்+எஸ்’ என்ற எழுத்தைப் பார்த்து, சேற்றுக்கும் ஏற்றது என்று நம்பியும் வாங்க வேண்டாம். அந்த எழுத்தைப் போட எந்தச் சோதனையிலும் தேற வேண்டியதில்லை, தயாரிப்பவரே போட்டுக்கொள்ளலாம்.

நம் குளிர்காலம் மழைக்காலம். தஞ்சை மாவட்டத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டிவிடும். டயர் தேர்வின் அடிப்படை அதுதான்.

தண்ணீரின் கணக்கு

நெக்ஸான் மின் வண்டியின் டயர் 215 மி.மீ. அகலம். சாலையில் மூன்று மி.மீ. தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல மழையில் நான்குவழிச் சாலையின் வளைவுகளில், ஒரு பக்கம் சரிவாக இருக்கும் இடத்தில், இது சாதாரணம். வண்டி எண்பது கி.மீ. வேகத்தில் போனால் நொடிக்கு 22 மீட்டர் கடக்கும். பெருக்கிப் பார்த்தால் ஒரு டயர் ஒரு நொடிக்கு ஒதுக்கித் தள்ள வேண்டிய தண்ணீர் 14 லிட்டர். நம் வீட்டுக் குடத்தில் ஒரு குடம். நான்கு டயர் இருக்கின்றன. முன்டயர் விலக்கிய தடத்தில் பின்டயர் போவதால் அதற்கு வேலை கொஞ்சம் குறையும்.

இந்தத் தண்ணீர் போக முக்கிய வழி, டயரில் வெட்டியிருக்கும் பள்ளங்கள்தான். புது டயரில் அவை ஏழு, எட்டு மி.மீ. ஆழம் இருக்கும். தேயத் தேய வழி சுருங்கும். ஒதுக்கி முடியாத தண்ணீர் டயருக்கும் சாலைக்கும் நடுவில் ஆப்பாக நுழைந்து வண்டியைத் தூக்கிவிடும். அந்த நேரத்தில் ஸ்டீயரிங் சட்டென்று லேசாகும். பிரேக்கை மிதித்தாலும் திருப்பினாலும் பயனில்லை. ஏ.பி.எஸ். முதலிய மின்னணுக் காவல்கள் எல்லாமே டயர் சாலையைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் வேலை செய்யும்.

‘வண்டி கனம், ரோட்டை விடாது’ என்று மின்சார எஸ்யூவி வைத்திருப்பவர்கள் நம்புவது உண்டு. 1960-களில் அமெரிக்காவின் நாசா, விமானங்கள் ஈர ஓடுபாதையில் வழுக்குவதை ஆராய்ந்து ஒரு சூத்திரம் தந்தது. டயர் எந்த வேகத்தில் தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும் என்று அது சொல்லும். அதில் எடைக்கு இடமே இல்லை, காற்றழுத்தம்தான் இருக்கிறது. கனம் கூடினால் டயர் அதிகமாக நசுங்கி, சாலையைத் தொடும் பரப்பு கூடுகிறது. ஒவ்வொரு சதுர அங்குலத்துக்கும் விழும் அழுத்தம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. பள்ளங்கள் தேய்ந்து மறைந்த டயருக்கு அந்தச் சூத்திரத்தைப் போட்டால், 35 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால் 98 கி.மீ. வேகத்திலும், 26 பி.எஸ்.ஐ. இருந்தால் 85-லும் மிதப்பு தொடங்கும். பழைய சாலையில் இந்த வேகங்களுக்கு யாரும் போகவில்லை. புதிய சாலையில் போகிறார்கள்.

இங்கேதான் மார்கழிக் குளிருக்கு உண்மையிலேயே ஒரு பங்கு உண்டு. புரட்டாசி மதிய வெயிலில் அடித்த காற்று, மார்கழி விடியலில் பன்னிரண்டு டிகிரி குளிர்ந்தால் இரண்டு பி.எஸ்.ஐ. தானாகக் குறையும். இயல்பாகக் கசிவதும் சேர்ந்தால் ஐந்தாறு குறைந்தே நிற்கும். மின்சார வண்டிகளுக்குச் சொல்லும் அழுத்தம் பெரும்பாலும் பெட்ரோல் வண்டியைவிடச் சற்று அதிகம். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் அது இருக்கிறது. காத்தடிக்கும் கடையில் எல்லா காருக்கும் வழக்கமாக முப்பதோ முப்பத்திரண்டோ வைத்துவிடுவார்கள். சீட்டில் இருப்பதைச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். பெட்ரோல் போட நிறுத்தும்போது காற்றும் பார்க்கும் பழக்கம் நமக்கு இருந்தது. வீட்டிலேயே சார்ஜ் போடுகிறவர்களுக்கு அந்த நிறுத்தம் இல்லாமல் போய்விட்டது. மழை மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் காற்று பார்ப்பது எந்த விலையுயர்ந்த டயரைவிடவும் பெரிய காப்பு.

ரேஞ்ச் பயம்

உருளும்போது டயர் நசுங்கி விரிவதில் சக்தி வீணாகும். மின்சார வண்டிக்கென்று வரும் டயர்களில் இந்த வீண்செலவைக் குறைத்திருப்பார்கள். மாற்று டயர் போட்டால் ரேஞ்ச் போய்விடுமே என்ற பயம் நியாயமானது. ஆனால் எவ்வளவு போகும்?

1,600 கிலோ எடையுள்ள வண்டி. நல்ல மின்வண்டி டயரின் உருளல் தடை எடையில் ஆயிரத்தில் எட்டுப் பங்கு. சாதாரண நல்ல டயரில் பத்துப் பங்கு. கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்கு 9 வாட்-மணி கூடுதல். கிலோமீட்டருக்கு 130 வாட்-மணி எடுத்து, முழு சார்ஜில் 300 கி.மீ. ஓடும் வண்டி 280 ஓடும். இருபது கிலோமீட்டர் குறைவு. திருப்பனந்தாளிலிருந்து தஞ்சாவூர் போய்வர 120 கி.மீ.தான் ஆகும். கும்பகோணம் கல்யாணத்துக்கும், மயிலாடுதுறை ஆஸ்பத்திரிக்கும் போய்வர அதுகூட வேண்டாம். சென்னை ஏறக்குறைய 270. முந்நூறு ஓடும் வண்டியானாலும் வழியில் ஒருமுறை நிறுத்திச் சார்ஜ் போடத்தான் போகிறோம். இந்த இருபது கிலோமீட்டருக்காக ஈரப்பிடியை விட்டுக்கொடுப்பது தேவையில்லாத விலை.

எரிசக்தித் திறன் பணியகம் டயர்களுக்குத் தரும் நட்சத்திரங்களையும் இங்கே சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஃபிரிட்ஜில் இருப்பதுபோலவே டயரிலும் ஐந்து நட்சத்திரம் என்றால் எல்லாவற்றிலும் சிறந்தது என்று தோன்றும். அந்த நட்சத்திரம் உருளல் தடையை மட்டும் அளக்கிறது. மழையில் எத்தனை மீட்டரில் நிற்கும் என்பதை அது சொல்லாது. ஈரப்பிடிக்குத் தனியாக ஏ.ஐ.எஸ். 142 என்ற தரம் இருக்கிறது. புது வடிவமைப்புகளுக்கு 2022 அக்டோபரிலிருந்தும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2023 ஏப்ரலிலிருந்தும் அது கட்டாயம். ஆனால் அது தேர்ச்சி மதிப்பெண் போன்ற ஒரு குறைந்தபட்ச வரம்பு. தேறிய டயர்களுக்குள் எது மேல் என்று அது பிரித்துக் காட்டாது. வாங்குபவர் கையில் இருக்கும் நல்ல வழி, ஐரோப்பிய டயர் சீட்டைப் பார்ப்பது. மிஷலின், பிரிட்ஜ்ஸ்டோன், கான்டினென்டல் போன்ற நிறுவனங்களின் சில டயர்களில் அது ஒட்டியே வரும், அல்லது நிறுவனத்தின் பட்டியலில் இருக்கும். மழைத்துளி படத்துக்குப் பக்கத்தில் ஏ முதல் இ வரை எழுத்து. மழைத்துளியில் ஏ அல்லது பி இருக்கட்டும். உருளல் தடைக்கு பி, சி வந்தாலும் போதும். அப்பல்லோவின் ஆம்பீரியன், சியட்டின் எனர்ஜிடிரைவ் என்று மின்சார வண்டிக்காகவே இந்திய நிறுவனங்களும் டயர் செய்கின்றன. அவற்றைப் பார்க்கும்போதும் ஈரப்பிடி என்ன என்று கேட்டுவிட்டுத்தான் ரேஞ்சைக் கேட்க வேண்டும்.

குறைந்த உருளல் தடையும் நல்ல ஈரப்பிடியும் ஒரே டயரில் சேர முடிவதற்குக் காரணம் சிலிக்கா. 1990-களின் தொடக்கத்தில் மிஷலின் வழிகாட்ட, ரப்பரில் கார்பன் கரிக்குப் பதில் ஒரு பகுதி சிலிக்காவைக் கலக்கத் தொடங்கினார்கள். அந்தச் சிலிக்காவை நெல் உமியின் சாம்பலிலிருந்தும் எடுக்கலாம். குட்இயர் அப்படி எடுத்ததைத் தன் டயர்களில் பயன்படுத்துகிறது. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி, உமியை எரித்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. டெல்டாவின் அரிசி ஆலைகளில் கொதிகலனுக்கு எரிந்து, வெளியே குவியும் அந்தச் சாம்பலில் மழைநாளில் ஒரு குடும்பத்தைக் காக்கும் பொருள் இருக்கிறது. டயர் ஆலைகளும் நிறைந்த மாநிலம் இது. பெரம்பலூர் பக்கம் எம்.ஆர்.எஃப்., ஒரகடத்தில் அப்பல்லோ, தேர்வாய்க் கண்டிகையில் மிஷலின். இவர்கள் யாராவது டெல்டா உமியைத் தேடி வந்தால் விவசாயிக்கும் ஆலைக்காரருக்கும் ஒரு வருமானம் கூடும் என்று மனசார விரும்புகிறேன்.

சேறும் நெல்லும்

நான்குவழியை விட்டு இறங்கினால் வேறு உலகம். மண்ணியாற்றங்கரையிலும் கொள்ளிடக் கரையிலும் போகும் சாலைகளில் ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் வாய்க்கால் அல்லது வயல். தடுப்புச் சுவர் பல இடங்களில் கிடையாது. குறுவை அறுப்பும் ஐப்பசி மழையும் ஒன்றாக வரும் வருடங்களில், ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள் என்பதால், விவசாயிகள் நெல்லைச் சாலையில்தான் காயப்போடுவார்கள். அவர்களுக்கு வேறு களம் இல்லை, ஒதுங்கிப் போக வேண்டியவர் வண்டிக்காரர்தான். அறுப்பு மிஷினும் கேஜ் வீல் டிராக்டரும் வயலிலிருந்து ஏறும் இடங்களில் தார் மேல் களிமண் ஒரு படலமாகப் படிந்திருக்கும். தூறல் விழுந்தால் அந்தப் படலத்தில் எந்த டயரும் பிடிக்காது. இதை ஒளிக்காமல் சொல்வதுதான் நியாயம். அந்த இடத்தில் முப்பதுக்கு இறங்குவது ஒன்றே வழி.

பெரிய ரப்பர் பட்டன் வைத்த ஆல்-டெரெய்ன் டயர் இதற்குத் தீர்வு இல்லை. டெல்டாக் களிமண் பட்டன் இடுக்குகளில் அப்பி, அரை பர்லாங்கில் டயரை உருண்டையாக்கிவிடும். ஈரத் தார்ச்சாலையில் அது சாதாரண டயரைவிட மோசமாக நிற்கும், இரைச்சல் கூடும், ரேஞ்சும் நன்றாகவே குறையும். தினமும் களத்துமேட்டுக்கு வண்டியை ஓட்டியே ஆக வேண்டியவருக்கு மட்டும் அதில் ஒரு நியாயம் உண்டு. மற்றவர்கள் தார் முடியும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடக்கலாம்.

அழகுக்காகப் பெரிய அலாய் போடுவதும் இந்த ஊருக்கு ஆகாது. ரிம் பெரிதானால் டயரின் ஓரச்சுவர் குட்டையாகும். தண்ணீருக்குள் மறைந்திருக்கும் பள்ளத்தில் கனமான வண்டி இறங்கும்போது அந்தக் குட்டைச் சுவர் வெட்டுப்பட்டு, அடுத்த நாள் கட்டி தெரியும். நெக்ஸானுக்கு 215/60 ஆர்16, கிரெட்டா எலக்ட்ரிக்குக்கு 215/60 ஆர்17 என்று கம்பெனி தந்த அளவே போதும். அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது, அளவுக்குப் பின்னால் வரும் எண்ணையும் பாருங்கள். 95 என்றால் ஒரு டயர் 690 கிலோ தாங்கும், 99 என்றால் 775. கம்பெனி தந்த எண்ணுக்குக் குறைந்ததை, விலை மலிவு என்று யார் சொன்னாலும் மாட்டக் கூடாது.

அடுத்தது, எங்கே மாட்டுவது. நெக்ஸான், கிரெட்டா, வின்ட்ஸர் எல்லாம் முன்சக்கர ஓட்டம். முன்டயர்தான் முதலில் தேயும். இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் அவற்றை முன்னால் மாட்டுவதுதான் கடைகளில் வழக்கம். நியாயமாகத் தோன்றினாலும் மழைக்கு அது தவறு. பின்டயர் பிடியை இழந்தால் வண்டியின் வால் சுழன்றுவிடும். அதைத் திருத்த சாதாரண ஓட்டுநரால் முடியாது. முன்டயர் இழந்தால் வண்டி நேராகப் போகும், ஆக்ஸிலரேட்டரை விட்டால் பெரும்பாலும் திரும்பப் பிடித்துக்கொள்ளும். எனவே புதியவை பின்னால், பாதி தேய்ந்தவை முன்னால். எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிக்கொண்டே வந்தால் நான்கும் ஒன்றாகத் தேயும். இந்தச் சங்கடமே வராது.

பிஇ 6, எக்ஸ்இவி 9இ போன்றவை பின்சக்கர ஓட்டம். மிதியிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் தானே பிரேக்காக மாறிச் சார்ஜைத் திரும்பச் சேர்ப்பதை மின்வண்டிக்காரர்கள் விரும்புவார்கள். அதைக் கூடுதலாக வைத்திருந்தால், ஈரத்தில் காலை எடுத்த நொடியில் பின்சக்கரம் மட்டும் இறுக்கப்படும். மழையில் அந்த அளவைக் குறைத்து வையுங்கள். மாற்று டயரை எவ்வளவு கவனமாகத் தேர்ந்தாலும் இந்தப் பழக்கம் சேராவிட்டால் பாதி பலன்தான்.

பஞ்சர் பற்றியும் ஒரு வார்த்தை. டயரில் காற்றளவு காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலே கார் விற்கலாம் என்று 2020-ல் விதி மாறியது. மழைநாளில் ராத்திரி அணைக்கரையில் நின்றால் கிட்டோடுதான் நிற்க வேண்டும். வண்டி வாங்கும்போதே இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. பேட்டரி தரைக்கு அடியில் முழு நீளத்துக்கும் இருப்பதால், ஜாக்கியை அதற்கென்று குறித்த நான்கு இடங்களில் மட்டுமே வைக்க வேண்டும். கடைப் பையன் அவசரத்தில் நடுவில் வைத்தால் சேதம் டயர் விலையோடு நிற்காது. சில மின்வண்டி டயர்களின் உள்ளே இரைச்சல் குறைக்க நுரைப்பட்டை ஒட்டியிருக்கும். உள்ளிருந்து பேட்ச் போட வேண்டுமானால் அதை அளவோடு வெட்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும்.

எப்போது மாற்றுவது

பள்ளம் 1.6 மி.மீ.க்குக் கீழே போனால் அந்த டயரில் கார் ஓட்டக் கூடாது என்கிறது மோட்டார் வாகன விதி. அது சட்டத்தின் கடைசி எல்லை. நொடிக்கு ஒரு குடம் தண்ணீர் தள்ள வேண்டிய டயருக்கு அந்த ஆழம் போதாது. டெல்டாவில் மூன்று மி.மீ. வந்ததும் மாற்றிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆழம் பார்க்கும் சின்னக் கருவி நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும். மின்சார வண்டியில் டயர் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகத் தேயும் என்று மிஷலினே சொல்வதால், பழைய பெட்ரோல் காரின் கணக்கை இதற்குப் போட முடியாது.

ஆவணி கடைசியில் ஒருமுறை நான்கு டயரையும் அளந்துவிடுங்கள். நான்கு மி.மீ. இருந்தால் அது தைப் பொங்கல் வரை தாங்குமா என்று பாருங்கள். வருடத்துக்குப் பதினைந்தாயிரம் கி.மீ. ஓட்டுகிறவருக்குப் பெரும்பாலும் தாங்காது. புது டயர் வாங்கும்போது ஓரத்தில் நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள்: 2225 என்றால் 2025-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரம் செய்தது. மாட்டுவதைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். அச்சிலிருந்து எடுக்க வசதியாகப் பூசிய வழுக்குப் பூச்சு புது டயரின் மேல் இருக்கும். அது போக முதல் 200, 300 கிலோமீட்டர் ஓட வேண்டும். காய்ந்த சாலையில் கும்பகோணத்துக்கு எட்டுப் பத்துத் தடவை போய்வந்தால் அது தேய்ந்துவிடும், ஐப்பசி பிறக்கும்போது டயர் தயாராக இருக்கும்.